அருணாச்சலம் நினைவுத் தங்கப் பதக்கம்

தீபாவுக்கு வணிகவியல் என்றால் வேப்பங்காய். பன்னிரண்டாம் வகுப்பில் அவள் எடுத்த மார்க்குக்கு வேலூரில் இயற்பியலுக்கே இடம் கிடைத்தது. அவள் போகவில்லை. ஆரணியிலேயே, வீட்டிலிருந்து சைக்கிளில் போய் வருகிற தூரத்தில் இருந்த கல்லூரியில் பி.காம் சேர்ந்தாள். ஏன் என்று கேட்டவர்களிடம் வீட்டு நிலைமை என்றாள். வீட்டு நிலைமையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அந்தக் கல்லூரியில் பி.காம் முதலிடம் பிடிப்பவருக்குப் பட்டமளிப்பு விழாவில் 'அருணாச்சலம் நினைவுத் தங்கப் பதக்கம்' என்று ஒன்று உண்டு. அருணாச்சலம் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. அவருடைய மகன், பட்டு வியாபாரி ஜெகநாதன், வருடா வருடம் மேடையேறித் தன் கையாலேயே அதைக் கழுத்தில் போட்டுவிடுவார். அந்தக் கை தன் கழுத்துக்கு வர வேண்டும் என்றுதான் தீபா அங்கே சேர்ந்தாள்.

அந்தக் கை செய்த காரியம் இது.

தீபாவின் அப்பா குமரேசன் ஜெகநாதன் கடைக்குத் தறி நெய்தவர். கடையில் பட்டு நூலையும் ஜரிகையையும் எடை போட்டுக் கொடுப்பார்கள். புடவை முடிந்ததும் அதையும் மீந்த ஜரிகையையும் கொண்டுபோய் அதே தராசில் வைக்க வேண்டும். போன எடையும் வந்த எடையும் ஒத்துப்போக வேண்டும். அண்ணன் தம்பியாகவே இருந்தாலும் எடை போடாமல் எதுவும் கை மாறாது. நல்ல வழக்கம்தான், யார் இல்லை என்றது? ஆனால் ஜெகநாதன் கடைத் தராசில் எண் தெரிகிற முகம் எப்போதும் முதலாளி பக்கமே பார்த்திருக்கும். அவர் வாயைத் திறந்து சொல்வதுதான் எடை.

பத்தாவது படிக்கும்போது அரையாண்டு லீவில் தீபா அப்பாவோடு கடைக்குப் போயிருந்தாள். புடவையும் மீந்த ஜரிகையும் தராசில் ஏறின. ஜெகநாதன் எண்ணைப் பார்த்தார். பிறகு குமரேசனைப் பார்த்தார்.

"ஜரிகை கொறையுதே குமரேசா."

"கொறையாதுங்க மொதலாளி. மீந்தது அத்தினியும் கொண்டாந்துட்டேன்."

"அப்ப என் தராசு பொய் சொல்லுதா?"

கூலி வாங்க வந்த நெசவாளிகள் கடை நிறைய உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் சாப்பாட்டுப் பையைக் கொட்டச் சொன்னார். டப்பா திறந்துகொண்டு தயிர்சாதம் தரையில் சிதறியது. வேட்டி மடியை அவிழ்த்து உதறச் சொன்னார். குமரேசன் ஒருமுறை மகளைப் பார்த்துவிட்டு உதறினார். ஒரு பாக்குப் பொட்டலம் விழுந்தது. "பொண்ணு கைல குடுத்து வெச்சிருக்கியா?" என்று அவள் பையையும் பிடுங்கிக் கவிழ்த்தார். உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. அவர்களுக்கும் தறி ஓட வேண்டுமே.

திருட்டுப் பேர் வந்தவனுக்கு ஆரணியில் எந்தக் கடையும் தறியில் ஏற்றப் பாவு நூல் தராது. பாவு இல்லாத தறியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? குமரேசன் செய்யாறு போய் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் ஆனார். ஷிப்ட் முடிந்து போகிறவர்களின் பையைச் சோதிப்பதுதான் வேலை. விதியின் குசும்பைப் பாருங்கள். பையை நீட்டினால் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "போங்க, போங்க" என்பாராம். அதற்காக சூப்பர்வைசரிடம் திட்டும் வாங்குவார். அங்கேயே ஒரு ரூமில் தங்கிக்கொண்டார். லீவுக்கு ஊருக்கு வந்தாலும் கடைத்தெரு வழியாக வர மாட்டார்.

அடுத்த ஆயுத பூஜைக்குக் கடை கழுவக் கல்லாப் பெட்டியை நகர்த்தினபோது அன்று குறைந்த ஜரிகை, ஒரு சின்னக் கண்டாகச் சுற்றியபடியே, அடியில் கிடந்தது. தராசுத் தட்டிலிருந்து நழுவி விழுந்திருக்கிறது. கடை ஆள் தனசேகரன் கண்ணால் பார்த்தார். ஜெகநாதன் என்ன செய்தார் தெரியுமா? "குமரேசன வந்து பாவு எடுத்துகினு போகச் சொல்லு" என்று அதே தனசேகரனிடம் சொல்லி அனுப்பினார். அவ்வளவுதான். தப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. ஏதோ பிச்சை போடுகிற மாதிரி. குமரேசன் போகவில்லை.

தனசேகரன் வந்து நடந்ததைச் சொல்லிவிட்டுப் போன அன்றைக்குத் தீபா அழக்கூட இல்லை. 'ஊர் பாக்க அவுக்க வெச்சே இல்ல, ஊர் பாக்கச் சொல்ல வைக்கறேன்' என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள். பிடிக்காத பாடத்தை மூன்று வருடம் மென்று விழுங்கினாள். தோழிகள் சினிமாவுக்குக் கூப்பிட்டால் ஜெகநாதன் முகத்தை நினைத்துக்கொண்டு பேலன்ஸ் ஷீட் போட்டாள். வெறுப்பைப் போல விழித்திருக்க வைக்கிற காபி எந்தக் கடையிலும் கிடையாது. முதலிடம் வந்தது.

விழாவுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டபோது குமரேசன், "அந்த மூஞ்சிய நான் பாக்க மாட்டம்மா. அம்மாவ போன் போட்டு வெக்கச் சொல்லு, கேட்டுக்கறேன்" என்றார். தன் திட்டத்தை அவரிடம் அவள் சொல்லவில்லை. அம்மா கீதாவிடமும் சொல்லவில்லை.

முதல் நாள் ஒத்திகையில் முதல்வர் ஸ்வர்ணலதா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "வாங்கணும், கும்பிடணும், போட்டோவுக்குச் சிரிக்கணும், இறங்கணும். ஜல்தியா முடிக்கணும்." தீபா நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாள். மறுநாள் கருப்பு அங்கிக்குள், சுடிதார் பாக்கெட்டில், ஆன்லைனில் வாங்கிய உள்ளங்கை அகலத் தராசு இருந்தது. நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி.

அரங்கு முழுக்கப் பெற்றோர்கள். பாதிப்பேர் தறிக்காரர்கள். அன்றைக்குக் கடையில் உட்கார்ந்திருந்தவர்களும் அதில் இருந்தார்கள்.

"அருணாச்சலம் நினைவுத் தங்கப் பதக்கம், ஒரு சவரன். பெறுபவர், கே. தீபா, தந்தை பெயர் குமரேசன்" என்று மைக்கில் படித்தார் ஸ்வர்ணலதா.

பட்டு ஜிப்பாவில் எழுந்து வந்த ஜெகநாதனின் சிரிப்பு 'குமரேசன்' என்றதும் ஒரு நொடி நின்றது. ஆனாலும் பழகிய கை. பதக்கத்தைக் கழுத்தில் போட்டது. போட்டோக்காரர் "சார், கொஞ்சம் சிரிங்க" என்றார்.

தீபா கும்பிட்டாள். பிறகு ரிப்பனிலிருந்து பதக்கத்தைக் கழற்றினாள். தராசை எடுத்து மைக் இருந்த மேசைமேல் வைத்து, எண் தெரிகிற முகத்தை அரங்கத்தின் பக்கம் திருப்பினாள்.

"எடை போட்டுக் குடுங்க மொதலாளி. எடை போடாம எதுவும் கை மாறக் கூடாது இல்லீங்களா? நாளைக்கு யாரும் கொறையுதுன்னு சொல்லிடக் கூடாது."

மைக் அதை மூலை முடுக்கெல்லாம் கொண்டுபோனது. சிறப்பு விருந்தினராக வந்திருந்த வெளியூர்ப் பேராசிரியர் இதுவும் ஆரணி வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்து, அழகாகக் கைதட்டினார். அவரைத் தவிர ஒருவரும் தட்டவில்லை. தறிக்காரர்களுக்குப் புரிந்துவிட்டது. பரிசு கொடுக்கிறவனைப் பார்த்து எல்லார் முன்னாலும் எடை போடு என்றால், உன் கையை நம்பவில்லை என்கிற வசவு அது என்று அவர்களுக்குத் தெரியும்.

"இன்னாம்மா வெளையாட்டு இது?" என்றார் ஜெகநாதன். ஆனால் கேமரா பார்த்துக்கொண்டிருந்தது. அவர் பதக்கத்தைத் தராசில் வைத்தார்.

"எவ்ளோங்க?"

ஜெகநாதன் தலையை நீட்டி எண்ணை எட்டிப் பார்த்தார். "எட்டு கிராம். சரியா இருக்கு."

"எங்கப்பா கொண்டாந்த ஜரிகையும் சரியாத்தானே இருந்திச்சு?"

"தீபா, கீழ இறங்கு" என்றார் ஸ்வர்ணலதா. தீபா நகரவில்லை. இத்தனை வருடம் படித்தது இந்த இடத்தில் நிற்கத்தான். அவள் நின்றாள். ஜெகநாதன் ஜிப்பாவால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அரங்கில் பின்வரிசையிலிருந்து ஆதிலட்சுமி என்கிற நெசவுக்காரம்மா எழுந்தாள். அன்றைக்குக் கடையில், சிதறிய தயிர்சாதத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள்.

"சொல்லுங்க மொதலாளி. அன்னிக்கு நாங்க வாய மூடிகினு இருந்தோம். இன்னிக்கு நீங்களும் மூடிகினு இருந்தா எப்டி?"

இன்னொருவர் எழுந்தார். இன்னும் சிலர் எழுந்தார்கள். தனசேகரன் எழுந்ததைப் பார்த்ததும் ஜெகநாதனின் தோள் தொங்கிப்போயிற்று.

"இருந்திச்சு" என்றார் வாய்க்குள்ளேயே.

"மைக்குல சொல்லுங்க. அன்னிக்கு சத்தமாத்தானே சொன்னீங்க."

"குமரேசன் எடுக்கல." "ஜரிகை என் கடையிலயே இருந்திச்சு. தப்பு என்னுது."

தீபாவுக்கு உடம்பெல்லாம் இனித்தது. அதை மறைக்கவும் அவள் நினைக்கவில்லை. பதக்கத்தையும் தராசையும் எடுத்துக்கொண்டு, போட்டோவுக்கு நன்றாகவே சிரித்துவிட்டு இறங்கினாள்.

கீதா அழுதுகொண்டே போனை நீட்டினாள். லைனில் குமரேசன் இருந்தார். பின்னால் கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"அப்பா, கேட்டியா?"

"கேட்டேன்." பிறகு, "தராசு உன் கைல தான் இருக்குதா?"

"ஆமாம்பா."

"நமக்கு எதுக்கும்மா அது? அவருகிட்டயே குடுத்துட்டு வா. நான் பஸ் புடிச்சு வர்றேன். கடைத்தெரு ஸ்டாப்புல வந்து நில்லு."

தீபா மறுபடி மேடையேறினாள். யாரும் தடுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஜெகநாதனின் மடியில் தராசை வைத்தாள்.

"எங்கப்பா குடுத்தனுப்பினாரு. கடையில வெச்சுக்குங்க. நம்பர் தெரியற மூஞ்சிய மட்டும் எங்க பக்கம் திருப்பி வைங்க."