கிட்டோவின் சாவி

கிட்டோ மகா கஞ்சன். எங்கள் சிஸ்கின் போர்க்கப்பலில் மதியம் ரம் கொடுப்பார்கள். உதவி செய்தவனுக்குத் தன் பங்கில் ஒரு மிடறு தருவது மாலுமிகளின் வழக்கம். அவன் ஒரு சொட்டுக்கூட யாருக்கும் கொடுத்ததில்லை.

பின்தளத்தில், கடலுக்குள் உருட்டிவிடும் தண்டவாளத்தில் வரிசையாக நின்ற ஆழ்கடல் குண்டுகள் அவன் பொறுப்பு. நீர்மூழ்கியைத் துரத்தும்போது அவற்றைத் தயார் நிலையில் வைப்போம். குறிப்பிட்ட ஆழத்துக்குப் போனதும் வெடிக்கும். கப்பல் மூழ்கினாலும் அதே கதிதான், மேலே மிதக்கிறவன் குடல் கிழிந்து சாவான். அதனால் கப்பலைக் கைவிடும் முன் ஒவ்வொன்றையும் சாவியால் திருகி முடக்க வேண்டும். அந்தச் சாவி எந்நேரமும் கிட்டோவின் கழுத்தில் தொங்கும். "பெண்டாட்டி கட்டின தாலியா?" என்று கேலி செய்வோம்.

ஐஸ்லாந்துக்குத் தெற்கே, ஒரு நீர்மூழ்கியைத் துரத்திய காலையில், டார்பிடோ எங்கள் கப்பலின் முன்பக்கத்தைப் பிய்த்துக்கொண்டு போனது. எல்லாரையும் குதிக்கச் சொன்னார்கள். கிட்டோ மட்டும் பின்தளத்துக்கு ஓடினான்.

"டேய், விட்டுட்டு வாடா! கப்பல் போகுது!" என்று கத்தினேன்.

"நான் வந்துட்டா நீங்க அத்தனை பேரும் போயிடுவீங்கடா மடையா! குதி!"

குதித்தேன். குளிர் எலும்பைக் கடித்தது. பழைய மாலுமிகள் சொல்லியிருந்தபடி எல்லாரும் மல்லாந்து, வயிற்றைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு மிதந்தோம்.

கப்பலின் பின்புறம் வானத்தைப் பார்த்து எழுந்தது. கிட்டோ தண்டவாளத்தில் காலை மாட்டிக்கொண்டு தொங்கினான். பனி இறுகிய திருகு ஒன்றைச் சாவியாலேயே அடித்துக்கொண்டிருந்தான்.

என் பக்கத்தில் மிதந்த சார்ஜென்ட் பார்னிகோட் கத்தினார். "இன்னும் எத்தனைடா கஞ்சப்பயலே?"

"ஒண்ணுதான்! உங்க தொப்பையை இன்னும் கொஞ்சம் தூக்குங்க!"

கப்பல் அவனோடு உள்ளே போனது. அந்த ஒன்றை முடக்கினானா இல்லையா, எங்களுக்குத் தெரியாது. வயிற்றைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தோம். கடல் குமிழி விட்டது, அடங்கியது. பார்னிகோட் வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன்.

போர் முடிந்தபின் சிஸ்கினின் சேவை வரலாறு அச்சில் வந்தது. கடைசி வரி இப்படி: 'மூழ்கியபோது குண்டுகள் எதுவும் வெடிக்கவில்லை.' என்னவோ அவை தாமாகவே சும்மா இருந்துவிட்டதுபோல.