கீழ்வீட்டில் சொட்டிய தண்ணீர்

கர்ப்பிணியான இஸ்திரிக்காரிக்கு ஏழாம் மாதம் தொடங்கியதும் அவள் பாதங்களிலிருந்து தண்ணீர் கசிய ஆரம்பித்து, தரையில் ஊறி, கீழ்வீட்டுச் சோபாவில் சொட்டியது. கடல் தாண்டிப் பிழைக்க வந்தவள் அவள். ஓட்டலின் கீழ்த்தளத்தில் நாள் முழுக்க நின்றபடி படுக்கை விரிப்புகளைத் தேய்க்கிற வேலை. வீங்கிய கால் தன் செருப்புக்குள் நுழையாததால் கணவனின் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். புகார் வந்த மறுநாளே வீட்டுக்காரர் பிளம்பரை அனுப்பினார். அவர் சுவரையெல்லாம் தட்டிப் பார்த்துவிட்டு, குழாயில் கோளாறில்லை, இந்தம்மா காலிலிருந்துதான் வருகிறது என்று சொல்லி, அவள் நிற்கும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியை வைத்துவிட்டுப் போனார். சோபா காய்ந்தது. அத்தோடு ஊருக்கே நிம்மதி.

அவளுக்கு அந்த ஊர் பாஷை சுத்தமாகத் தெரியாது. லாரி ஓட்டும் கணவனுக்கு ஏதோ அரைகுறை. ஆஸ்பத்திரியில் டாக்டர் எதிரே உட்கார்ந்து, அவரிடம் சொல்லச் சொல்லி அவள் கணவனிடம் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள்: "தலை வெடிச்சிடும் போல இருக்குங்க. கண்ணுல பூச்சி பறக்குது. நெஞ்சுக்குக் கீழ புடிச்சு இழுக்குது. புள்ள முன்ன மாதிரி உதைக்கல. ஒண்ணு விடாம சொல்லுங்க."

கொஞ்சம் அசதியாம் என்று மட்டும் சொன்னான் அவன். பொல்லாதவன் இல்லை, பாவம். மற்றதற்கெல்லாம் வார்த்தை தெரியாததைப் பெண்டாட்டி முன்னால் காட்டிக்கொள்ள வெட்கம். வெட்கப்படுகிற நேரமா அது! அவள் கால் தண்ணீரில் ரத்த அழுத்தம் பார்க்கிற கருவி நனைந்து நின்றுபோனது. அடுத்த தடவை பார்க்கலாம், உங்கள் ஊர்ப் பெண்களுக்குக் கால் வீங்குவது சகஜம்தானே என்று டாக்டர் சிரித்தார். பிறகு தேங்கிய தண்ணீரைப் பதவிசாகத் தாண்டிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிடப் போனார்.

அடுத்த தடவை வருவதற்குள் இஸ்திரி மேசையடியிலேயே அவளுக்கு வலிப்பு வந்தது. பெண் குழந்தை. உயிரோடு எடுக்க முடியவில்லை.

அவள் கண் விழித்தபோது டாக்டர் கட்டிலருகே நின்று கணவனிடம் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். இவ்வளவு இருந்தும் ஏன் வாய் திறக்கவில்லை, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிள்ளையைக் காப்பாற்றியிருக்கலாமே என்று. அன்றைக்குப் பார்த்து அவனுக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது.

"என்னங்க சொல்றாங்க?"

"ஒண்ணுமில்ல. உடம்பப் பாத்துக்கச் சொல்றாங்க."

"அன்னிக்கு நான் சொன்னதெல்லாம் சொன்னீங்கல்ல?"

"சொன்னேன்."

"அப்ப நம்ம தலையெழுத்துதான்" என்று அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

தரை துடைக்கிறவள் வந்து கட்டிலடியில் துடைத்தாள். பிறகு, கணவனின் காலடியிலும் ஈரம் பரவுவதைப் பார்த்து, அவனையும் காலைத் தூக்கச் சொன்னாள்.