பேசியது மாத்திரையா?

என் கணவர் என்னோடு பேச ஆரம்பித்தது கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு அப்புறம். அதுவும் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது. வாய் நிறைய நுரையோடு, “ஊசியில நூல் கோக்கும்போது நீ நாக்கு நுனியை வெளிய நீட்டுவ, தெரியுமா?” என்றார். நான் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். வீட்டுக்குள் வேறு யாராவது வந்துவிட்டார்களோ என்று சந்தேகம்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். நான் தெருமுனையில் சின்னதாகத் தையல் கடை வைத்திருக்கிறேன்; பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பைத் தளர்த்திவிடுவது மாதிரி வேலைகள். பகலெல்லாம் வருகிறவர்களோடு வாயாடிவிட்டு வீட்டுக்கு வந்தால் இடித்த புளி மாதிரி ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். கேட்டால் ‘ம்’. கேட்காவிட்டால் அதுவும் கிடையாது. கல்லுளிமங்கன் என்று நானும், ஊமைக்கோட்டான் என்று என் நாத்தனாரும் பெயர் வைத்திருந்தோம். “சுவரோட பேசிட்டு இருக்கேன் நான்” என்று கத்துவேன். சுவர் எழுந்து போய்க் குளித்துவிட்டு வந்து படுத்துக்கொள்ளும்.

அந்த வருஷம் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மொட்டைமாடி மெஷின் ரூமுக்கு இரும்பு ஏணியில் ஏறினால் பாதியிலேயே நின்றுவிடுவாராம். நுரையீரலில் அழற்சி என்றார் டாக்டரம்மா. கிருமி எதுவும் இல்லையாம், உடம்பு தன்னோடு தானே சண்டை போட்டுக்கொள்கிறதாம். தினமும் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லி ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்.

சில நாளிலேயே மூச்சு சீராகிவிட்டது. கூடவே மற்றதெல்லாம் வந்தது. முகம் உப்பி உருண்டையானது. ஒரு ஆள் சாப்பாடு போய் மூன்று ஆள் சாப்பாடு ஆனது. ராத்திரித் தூக்கம் போனது; நான் விடியற்காலை எழுந்து பார்த்தால் சமையலறை அலமாரி முழுக்கத் துடைத்து டப்பாக்களெல்லாம் உயர வரிசையில் நிற்கும், எனக்கு உப்பு எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அப்புறம் இந்தப் பேச்சு. லிஃப்ட் கண்ணாடியில் யார் யார் எப்படி முகத்தைக் கோணிக்கொள்கிறார்கள் என்று நடித்துக் காட்டுவார். நான் கடையிலிருந்து வந்ததும், “இன்னைக்கு யாரு கூட சண்டை போட்ட?” என்று ஆசையாகக் கேட்பார்.

நாத்தனார் போன் செய்தாள். “அண்ணி, அண்ணன் எனக்கு போன் பண்ணி நல்லா இருக்கியான்னு கேட்டான். எனக்கு பயமா இருக்கு. எங்கிட்ட ஏதாவது மறைக்கறீங்களா?”

“மாத்திரைடி” என்றேன்.

“எனக்கும் ரெண்டு வாங்கி அனுப்புங்க, எங்க வீட்டுலயும் ஒண்ணு கெடக்கு” என்றாள்.

ஒருநாள் சாப்பிடும்போது, லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஒரு பெரிய மனிதர் பொழுது போகாமல் பாட்டுப் பாடிய கதையைச் சொன்னார். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “இப்பத்தான் எனக்குக் கல்யாணம் ஆன மாதிரி இருக்கு” என்று சொன்னேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு மறுபடி தட்டில் சோறு போட்டுக்கொண்டார்.

சொல்லிவிட்டேனே தவிர, உள்ளுக்குள் ஒரே குழப்பம். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. நாக்கு நுனியை நீட்டுவேன் என்று சொன்னது யார்? என் புருஷனா, அந்த வெள்ளை வில்லையா? வில்லைதான் என்றால், அதற்கு என் நாக்கைப் பற்றி எப்படித் தெரியும்?

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது நேராகவே கேட்டுவிட்டேன். “இந்த மாத்திரை உள்ள போயி என்னதான் பண்ணுது டாக்டர்?”

டாக்டரம்மா என்னைவிடச் சின்னவள், பொறுமைசாலி. “நம்ம உடம்புல இருக்கிற ஒவ்வொரு செல்லுக்கும் எண்ணெய்ப் பசையா ஒரு சுவர் இருக்கும்மா. சில ஹார்மோன் வெளியிலயே நின்னு பெல் அடிக்கும். ஸ்டீராய்டும் ஹார்மோன்தான், ஆனா எண்ணெய்ல கரையும், அதனால நேரா உள்ள போயிடும். உள்ள இதுக்குன்னே ஒரு புரோட்டீன் காத்துட்டு இருக்கும். ரெண்டும் ஒட்டிக்கிட்டு நடுவுல இருக்கிற உட்கருவுக்குப் போகும். அங்கதான் ஜீன் எல்லாம் இருக்கு. சிலதை எழுப்பிவிடும், சிலதை அடக்கி வைக்கும். இவருக்கு வீக்கத்தைக் கெளப்புறதை அடக்கினதாலதான் மூச்சு வந்துச்சு.”

“அட, நம்ம வேலைதான்” என்றார் என் கணவர். “வாட்ச்மேனைக் கேக்காம உள்ள போறது, சாவி வெச்சிருக்கிற ஆளைக் கூட்டிக்கிட்டு மெஷின் ரூமுக்கு ஏறுறது, சுவிட்சைப் போடுறது.”

டாக்டரம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. “அப்போ புதுசா எதையும் கொண்டு வந்து வைக்காதா?”

“ஜீன்ல புதுசா எதையும் எழுதாது. இருக்கிறதுல எதைப் படிக்கணும், எதை மூடணும்னு சொல்லும்.”

“இந்தப் பேச்சு?”

“மூளை செல்லுலயும் இது வேலை செய்யும். சிலருக்கு கோபம் வரும், சிலர் அழுவாங்க, சிலர் இவரை மாதிரி. ஏன் ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரின்னு எங்களுக்கே முழுசா தெரியாது” என்றவர், சீட்டை எழுதிக்கொண்டே சொன்னார்: “நுரையீரல் நல்லா இருக்கு. கொஞ்சம் கொஞ்சமா மாத்திரையைக் குறைப்போம். தூக்கம் வரும், பசி அடங்கும். இந்த உற்சாகமும் கொஞ்சம் இறங்கும்.”

புருஷனுக்கு உடம்பு தேறுகிறது என்று டாக்டர் சொல்கிறார், பெண்டாட்டி இழவு விழுந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. அவர் அன்று வீடு வரைக்கும் வாயே திறக்கவில்லை.

மாத்திரை குறைந்தது. நான்தான் டப்பாவிலிருந்து எடுத்துக் கையில் கொடுப்பேன். ஆனால் பேச்சு குறையவில்லை. அலமாரி துடைப்பதும் நிற்கவில்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பார்த்தாயா, எல்லாம் அவருக்குள்ளேயே இருந்ததுதான், மாத்திரை சும்மா தட்டி எழுப்பியது, இனி தூங்காது என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன்.

டாக்டரம்மாவுக்குத்தான் புரியவில்லை. “முகம் ஏன் இன்னும் வடியல? சர்க்கரை ஏறிட்டே போகுது. நான் சொன்ன அளவுதானே போடறார்?”

“என் கையாலதான் குடுக்கறேன்” என்றேன், கொஞ்சம் சூடாகவே.

“இப்படியே போனா சர்க்கரைக்கு ஊசி போட வேண்டி வரும்மா. எலும்பு மெலிஞ்சுடும். கால் தசையும் பலம் போயிடும்.” ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தது. மோட்டார் பக்கம் குந்தி உட்கார்ந்தவரால் எழ முடியாமல், கூட வேலை செய்கிறவர் கைகொடுத்துத் தூக்கிவிட்டாராம். அதையும் அவர் வேடிக்கையாக நடித்துத்தான் காட்டினார். நான் சிரிக்கவா அழவா என்று தெரியாமல் விழித்தேன்.

அடுத்த வாரம் அவருடைய டூல் பையில் ஜிப் பிய்ந்துவிட்டது. சொல்லாமல் எடுத்து மாற்றிவைப்போம் என்று, ஞாயிற்றுக்கிழமை அவர் குளிக்கும்போது பையைக் கவிழ்த்தேன். ஸ்பேனர், டெஸ்டர், கிரீஸ் துணி. துணிக்குள் சுற்றி மாத்திரை அட்டைகள், பாதி காலி.

அவர் துண்டோடு வந்து நின்றார். மேசையைப் பார்த்தார்.

“என்னங்க இது?”

“முதல்ல எழுதின சீட்டைக் காட்டி வேற கடையில வாங்கினேன்.”

“உங்களுக்கு மூளை இருக்கா? உடம்பு அழிஞ்சு போகும்னு அந்தம்மா உங்க எதிர்லதானே சொன்னாங்க. செத்துப்போக ஆசையா?”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். “நீதான் சொன்ன, இப்பத்தான் கல்யாணம் ஆன மாதிரி இருக்குன்னு.”

நான் கையிலிருந்த அட்டையை மேசையில் வைத்தேன்.

“மாத்திரை போச்சுன்னா அந்த ஆளும் போயிடுவான். பழைய ஆளுதான் வருவான். அவனை உனக்குப் பிடிக்காது, எனக்குத் தெரியும். நானும்தான் இருபது வருஷமா பாக்கறேனே.”

கோபம் யார் மேல் என்றே தெரியவில்லை. அவர் மேலா, அந்த அட்டைகள் மேலா, ஆசையாக ஒரு வார்த்தை சொன்ன என் வாய் மேலா? “பிடிக்காத ஆளுக்கா இருபது வருஷமா சட்டை பட்டன் தெச்சுக்கிட்டு இருக்கேன்?” என்று கேட்டேன். கேட்கும்போதே அழுதுவிட்டேன். அவர் என்ன செய்வதென்று தெரியாமல் டெஸ்டரை எடுத்துத் துடைத்தார்.

அட்டைகளைக் குப்பையில் வீசப் போனவள் நின்றுவிட்டேன். இதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்று அந்தம்மா எப்போதோ எச்சரித்தது நினைவுக்கு வந்தது. அப்படியே அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டரம்மா அவரைத் திட்டித் தீர்த்தார். “நல்லவேளை, வீசிட்டு வரல. வெளியிலேருந்து இவ்ளோ வந்துட்டு இருந்ததால, இதே மாதிரி ஸ்டீராய்டைத் தானா சுரக்கிற, சிறுநீரகத்து மேல இருக்கிற சுரப்பி தன் வேலையை நிறுத்திட்டுத் தூங்குது. சட்டுனு நிறுத்தினா மயங்கி விழுவார், உயிருக்கே ஆபத்து. மறுபடி மொதல்லேருந்து மெதுவா இறக்கணும்.”

மெதுவாக இறங்கியது. முகம் வடிந்து பழைய தாடை தெரிந்தது. டப்பாக்கள் கலைந்து உப்பு அதன் இடத்துக்குத் திரும்பியது. லிஃப்ட் கதைகள் நின்றன. பிறகு கேள்விகள் நின்றன. கடைசியில் ‘ம்’ மட்டும் மிஞ்சியது. “நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். ரெண்டு பேருக்கும் சேத்து நானே பேசிக்கறேன்” என்று சொல்லிவைத்தேன். பேசிக்கொண்டும் இருந்தேன். ஆனால் அந்தச் சிரித்த ஆள் எங்கே போனார், அவர் இவரா, இவருக்குள் இருக்கிறாரா, அல்லது மாத்திரையோடு கரைந்துபோனாரா என்று யோசித்து யோசித்துத் தலை வலித்தது.

நேற்று மாலை அவர் ஏணி ஏறி வேலை பார்த்துவிட்டு வந்து, மேசையின் அந்தப் பக்கம் பேப்பரோடு உட்கார்ந்தார். மூச்சு வாங்கவில்லை. நான் இந்தப் பக்கம் அவர் சட்டைக்குப் பட்டன் தைக்க உட்கார்ந்தேன். நூல் ஊசிக்காதில் நுழைய மறுத்தது. ஏதோ தோன்றி நிமிர்ந்தேன்.

அவர் பேப்பருக்கு மேலே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நாக்கு நுனியை மட்டும் கொஞ்சம் வெளியே நீட்டிக் காட்டிவிட்டு, மறுபடி பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.