மருந்து வாடை

ஓடைப்பட்டியில் மலைச்சாமியின் தக்காளிக்காட்டில் எந்த இலையைத் திருப்பினாலும் வெள்ளைக்கோடு வளைந்து நெளிந்து கிடந்தது. இலைத்தோலுக்குள் புகுந்த புழு தின்றுகொண்டே போன தடம். பூச்சியியல் படித்துவிட்டுத் தேனிக்கு ஆராய்ச்சி வேலைக்கு வந்திருந்த செலினுக்கு அதைக் கண்டதுமே மனசு சரியில்லை.

"மருந்த மாத்தி மாத்தி அடிச்சுட்டேன் மேடம். அடிக்க அடிக்கக் கூடத்தேன் செய்யுது. இது என்ன எழவுன்னு சொல்லுங்க."

"புழுவ மட்டும் பாத்து இன்னதுன்னு சொல்ல முடியாதுண்ணே. ஈயா வெளிய வரணும். அதுவரைக்கும் மருந்து அடிக்காதீக."

மலைச்சாமி அரைமனதாகத் தலையாட்டினார்.

அவர் காட்டிலும், மருந்தே படாத பக்கத்துக்காட்டு இருளம்மாளின் செடிகளிலும் இலை பறித்துத் தேனிக்குக் கொண்டுபோய்த் தனித்தனிப் பாட்டிலில் போட்டுத் துணி கட்டி வைத்தாள் செலின். மலைச்சாமியின் பாட்டிலில் மஞ்சள் புழுக்கள் இலையைக் கிழித்துக்கொண்டு விழுந்தன. சுருங்கிப் பழுப்புநிறக் கூட்டுப்புழுவாகின. பிறகு ஈக்கள் வந்தன. மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். மஞ்சள் தலை, கருத்த முதுகு, முதுகின் முடிவில் மஞ்சள் பொட்டு. ஆண் ஈயின் பிறப்புறுப்பை அறுத்துப் பார்த்ததும் சந்தேகம் தீர்ந்தது. கடல் கடந்து வந்து, எந்த மருந்துக்கும் சாகாமல் பரவிக்கொண்டிருந்த இலைத்துளைப்பான் ஈ.

இருளம்மாளின் பாட்டிலிலோ ஈக்கள் சொற்பம். மற்றதெல்லாம் கடுகைவிடச் சிறிய, மினுங்கும் கருங்குளவிகள். புழுவைக் கோட்டுக்குள்ளேயே தின்று தீர்த்துவிட்டு வந்தவை. மருந்து கொன்றது இந்தக் குளவிகளைத்தான் என்று புரிந்ததும் செலின் அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள்.

ஓடைப்பட்டியில் இறங்கி வரப்பில் நடக்கும்போதே மருந்து வாடை மூக்கில் ஏறியது.

"கோவிச்சுக்கிராதீக மேடம், மனசு கேக்கல. கடைக்காரர் புதுசா ஒண்ணு குடுத்தாக," என்றார் மலைச்சாமி. "பாவம், இருளம்மா அக்கா காட்டுக்கும் நாந்தேன் அடிச்சுவிட்டேன்."

இருளம்மாள் சிரித்த முகமாக வந்தாள். "தம்பி இருக்கப்போயித்தேன் ஆச்சு. இனிமே பயமில்லைல்ல, தாயி?"

செலின் குனிந்து செடியடி மண்ணைக் கிளறினாள். மருந்து எட்டாத மண்ணுக்குள் கூட்டுப்புழுக்கள் கொத்துக்கொத்தாகக் கிடந்தன. இலைகளில் குளவி ஒன்றைக்கூடக் காணோம்.

அந்தப் பருவம் இருளம்மாளின் காட்டில் தக்காளி பழுக்கவில்லை. இலைகள் கருகிச் செடியோடு தொங்கின. அதற்கப்பால் இருந்த அவரைக் கொழுந்துகளில், ஈக்கள் முட்டையிட ஊசியாகக் குத்திய வெள்ளைப் புள்ளிகள் விழத் தொடங்கியிருந்தன.