செயலாளர் எழுதிய கூட்டக் குறிப்பு

எங்கள் சங்கத்துக்கு என் கணவர் தவரத்தினம் பதினைந்து வருடமாகச் செயலாளர். கூட்டக் குறிப்பை மட்டும், தேத்தண்ணி ஊற்றுகிற மூலையில் இருந்துகொண்டு நான் எழுதுவேன். அவர் கையெழுத்துப் போடுவார். வாசித்துப் பார்க்க மனுசனுக்கு எங்கே நேரம்? அந்தத் துணிச்சலில் கொஞ்சம் உண்மையும் எழுதி வைத்தேன்.

போன வருடம் ஆலீஸ் வந்தார். குவாதலூப் தீவில் பிறந்த வரலாற்றுப் பேராசிரியர், எழுபது தாண்டியவர். கரும்புத் தோட்டங்களில் உழைத்த பெண்களின் பெயர்களைப் பழைய பதிவேடுகளில் நாற்பது வருடம் தேடியவர். பெண்ணுரிமை ஊர்வலங்களில் பொலிசோடு மல்லுக்கட்டியவர். தமிழ்க் கடைத்தெருவான எங்கள் லா சப்பலின் சங்கங்களைப் பற்றிப் புத்தகம் எழுதவென்று எங்கள் குறிப்பேடுகளை வாங்கிப் போனார்.

மகளிர் தினத்தன்று மண்டபத்தில் அவர் பிரெஞ்சில் பேச, அவருடைய மாணவி டிலானி தமிழில் சொன்னாள்.

"உங்கட செயலாளரைப் போல நேர்மையாய் எழுதின ஒருத்தரை நான் கண்டதில்லை. புத்தகத்தில ஒரு முழு அத்தியாயம் அவருக்குத்தான்."

என் மனுசன் எழுந்து கும்பிட்டார், வெட்கமே இல்லாமல்! எழுதினது நான், புத்தகத்தில் ஏறப்போவது இவருடைய பெயர்.

டிலானி குறிப்பேட்டை விரித்து வாசித்தாள்.

"நிர்வாகத்தில் பெண்களுக்கும் இடம் வேண்டும் என்று கோசலை கேட்டார். தலைவர் நித்திரையால் எழும்பி, அடுத்த வருடம் பார்ப்போம் என்றார். இது ஏழாவது அடுத்த வருடம். பின்னர் பொருளாளர் ஒரு மணித்தியாலம் பேசினார். எழுத ஒன்றும் இல்லை."

பெண்கள் பக்கம் கொல்லென்று சிரித்தது. தலைவர் பாய்ந்து எழுந்தார்.

"தவம்! நான் நித்திரை கொண்டனானோ?"

"ஐயோ அண்ணை, சத்தியமாய் நான் எழுதேல்லை!" இவர் விரலை என் பக்கம் நீட்டினார். "எல்லாம் இவள்தான்! பதினைஞ்சு வருசமும் இவள்தான் எழுதினவள்!"

டிலானி ஆலீஸின் காதில் சொன்னாள். ஆலீஸ் பேனாவோடு மேடையை விட்டு இறங்கி, இவரைத் தாண்டி, நேரே என்னிடம் வந்தார்.

"பெயர்?"

"மதாம் தவரத்தினம்," என்றார் தலைவர் முந்திக்கொண்டு.

ஆலீஸ் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"யோகராணி," என்றேன் மெல்ல.

"இஞ்சை கேக்கேல்லை, சத்தமாய்ச் சொல்லடி!" என்று பின்வரிசையில் இருந்து கோசலை கத்தினாள்.

நான் எழுந்து நின்றேன்.

"யோகராணி! நித்திரையெண்டு எழுதினதும் நான்தான்!"