டச் டெஸ்ட்

என் மகளின் படங்களுக்குக் கீழே முகமில்லாத ஒரு கணக்கு மாதக்கணக்கில் விஷம் கக்கிக்கொண்டிருந்தது. 'உன் மூஞ்சிய பார்த்தாலே குமட்டுது' என்று எழுதும். அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை, யாரோடும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கேட்டால், "விடுங்கப்பா, உண்மையத்தானே சொல்றாங்க" என்பாள்.

ஊரார் போனையெல்லாம் பிரித்து மேய்கிற ரிப்பேர் கடைக்காரன் நான். அந்த நாயை மட்டும் பிடிக்க முடியவில்லை. போன வாரம் ஆத்திரம் தாங்காமல், நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகிற மாதிரி நாலு வார்த்தை, என் கணக்கிலிருந்தே அதற்கு அனுப்பினேன்.

இன்று அவள் போன் கீழே விழுந்து நொறுங்கியது. கடையில் வைத்து டிஸ்ப்ளே மாற்றினேன். எதிர் ஸ்டூலில் அவள் நகம் கடித்துக்கொண்டிருந்தாள்.

புது டிஸ்ப்ளே போட்டால், டச் வேலை செய்கிறதா என்று எதையாவது தட்டிப் பார்ப்பேன். வாயில் வந்தபடி 'உன்' என்று தட்டினேன். அடுத்த வார்த்தையைக் கீபோர்டே எடுத்துக் கொடுத்தது: மூஞ்சிய. தொட்டேன். பார்த்தாலே. தொட்டேன். குமட்டுது.

அடிக்கடி எழுதுகிற வார்த்தைகளைத்தான் கீபோர்டு எடுத்துக் கொடுக்கும். அவள் படம் போடுகிற ஆப்பைத் திறந்தேன். அந்த முகமில்லாத கணக்கு இந்தப் போனில்தான் இருந்தது.

"டச் சரியா இருக்காப்பா?" என்றாள். நிமிராமல், அந்தக் கணக்குக்கு வந்த செய்திகளைத் திறந்தேன்.

நான் அனுப்பியது அப்படியே கிடந்தது: 'நீயெல்லாம் பூமிக்குப் பாரம். செத்துத் தொலை.'

அதன் கீழே, எழுதி இன்னும் அனுப்பாத பதில்: 'சரிப்பா.'