கொண்டை போட்ட எலக்ட்ரீஷியன்

போட்டிக்கு முந்தின நாள், மகளுக்குச் சுற்றி ஆடிக் காட்டப் போய் அம்மா கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டாள். ஒன்பது வயதுப் பெண்ணைக் குழு நடனப் போட்டிக்குக் கூட்டிப்போகும் வேலை எலக்ட்ரீஷியன் அப்பாவின் தலையில் விழுந்தது. நாலு மாடிக் கட்டடத்துக்கே ஒயர் இழுத்தவர். ஒரு கொண்டை என்ன பிரமாதம் என்றுதான் கிளம்பினார்.

ஒப்பனை அறைக்குப் போன பிறகுதான், ஹேர்பின் டப்பா வீட்டிலேயே தங்கிவிட்டது தெரிந்தது. கூந்தலைக் கையால் சுருட்டினார். விட்டதும் அவிழ்ந்தது. மறுபடி சுருட்டினார்.

"ஒரு முடி பறந்தாலும் மார்க் போயிடும்னு டீச்சர் சொன்னாங்கப்பா."

"பறக்காதும்மா. அசையாம இரு."

"அழுதா மை கரைஞ்சிடும்னும் சொன்னாங்க" என்றாள் மகள், கண்ணை மேலே உருட்டி அழுகையை உள்ளேயே நிறுத்தியபடி.

அப்பா சட்டைப் பையைத் துழாவினார். ஒயர்களைச் சேர்த்துக் கட்டுகிற கறுப்பு பிளாஸ்டிக் டை ஒரு கொத்து அகப்பட்டது. சுற்றி ஒரு இழு இழுத்தார். கர்ரக். கொண்டை கல்லாகிவிட்டது.

டீச்சர் வந்து அதைத் தட்டிப் பார்த்தார். "யார் போட்டது?"

"நான்தாங்க." திட்டு நிச்சயம் என்று அப்பா தலையைச் சொறிந்தார்.

"மத்த ஏழு பேருக்கும் போட்டுடுங்க. போன வருஷம் ஒரு சவுரிக் கொண்டை உருண்டு நடுவர் மேஜைக்கே போயிடுச்சு."

மேடையில் ஒரு பிள்ளை தப்பான பக்கம் திரும்பியது. அது அவர் மகள்தான். எதிரே வந்தவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அதுவும் ஆட்டத்தில் உள்ளதுபோல் சுற்றித் திரும்பிவிட்டாள். எட்டுக் கொண்டைகளும் இம்மி அசையவில்லை.

வினை அதற்குப் பிறகு வந்தது. அந்த டை இறுகும், தளராது. வண்டியிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்து வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, முடியில் படாமல் ஒவ்வொன்றாக வெட்டினார். பின்னால் ஏழு அம்மாக்கள் மூச்சை அடக்கி நின்றார்கள். நாலாவதை வெட்டும்போது மூன்றாம் பரிசென்று மைக்கில் கூப்பிட்டுவிட்டார்கள். நாலு பேர் கொண்டையோடும் நாலு பேர் தலைவிரி கோலமாகவும் ஓடிப்போய்க் கோப்பையை வாங்கினார்கள்.

வீட்டிலிருந்து அம்மா போன் செய்தாள். "கொண்டை நின்னுச்சா?"

"நின்னுச்சும்மா" என்றார், மகளின் தலையைப் பார்த்தபடி. "இன்னும் நிக்குது."